குடிக்காதவன் கட்டிய கயிறு

வயிற்று வலி என்று ஓர் ஆண்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனால், எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்கமாட்டார்கள். "குடிப்பீங்களா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்றால் "எப்பவாவது?" அதற்கும் இல்லை என்றால் டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, நமக்குப் பின்னால் நிற்கிற பெண்சாதியைப் பார்ப்பார். கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பார்வைக்கு நான் எங்கே போய்ப் பதில் சொல்வது? எனக்கு அலுத்துப்போய்விட்டது. வலியைவிட அந்தப் பார்வைதான் அலுத்துப்போனது.

நான் ஜவ்வாது மலைக்காரன். ஒடுகத்தூருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே குட்டி யானை ஓட்டுகிறேன். பின்னால் சின்னத் தொட்டி வைத்த சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். இறங்கும்போது புளி, சாமை, காலம் வந்தால் பலாப்பழம். ஏறும்போது அரிசி மூட்டை, உரம், சிமெண்டு. மூட்டைகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் மனிதர்கள். கூடாது என்று எனக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். பஸ் வருகிற நேரத்தில் வந்தால் நான் ஏன் ஏற்றப்போகிறேன்?

நான் குடிப்பதில்லை. இதைச் சொன்னவுடன் கேட்கிறவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும், இப்போது உங்களுக்கும் வந்திருக்கும். நல்லவன் என்பதால் குடிக்காமல் இருக்கவில்லை. எனக்குக் கோபம் அதிகம், வாய் அதிகம், பீடிகூட இரண்டு வருஷம் பிடித்துப் பார்த்து விட்டவன். சாராய வாடை மட்டும் எனக்கு ஆகாது. பட்டால் குடலைப் பிரட்டும். கல்யாண வீடுகளில் மறைவாக நடக்கிற பந்திக்கு என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள், கூப்பிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருடைய சந்தோஷத்தையும் கெடுப்பேன்.

என் நேரம், முதல் வலி வந்ததே ஒரு கல்யாணத்துக்கு மறுநாள்தான். அடிவாரத்தில் கல்யாணம், கறி விருந்து. கொழுப்பு மிதக்கிற குழம்பை இரண்டு முறை வாங்கி ஊற்றிக்கொண்டேன். மறுநாள் சந்தை. வண்டி நிறையப் புளி, புளி மூட்டைக்கு மேல் சனம். இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் தொப்புளுக்கு மேலே ஏதோ பிடித்தது. வாயு என்று நினைத்தேன். வளைவைத் திருப்பி முடிப்பதற்குள் அது முதுகுப் பக்கம் போய்விட்டது. யாரோ வயிற்றுக்குள் கையை விட்டு முதுகெலும்பைப் பிடித்து முறுக்குவதுபோல இருந்தது. வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் குந்தினேன். குனிந்தால் கொஞ்சம் தேவலை. நிமிர்ந்தால் உயிர் போனது. அப்புறம் வாந்தி.

பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் பயந்தார்கள். பிறகு ஒரு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்து அம்மாவிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நேத்து கல்யாணத்துல நல்லா ஏத்திக்கினு வந்துருக்கான். புள்ளைங்க இருக்கிற வண்டிய இப்டியா ஓட்டினு வருவான்?"

வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. திறந்தால் வாந்திதான் வந்தது. ஊர் அன்று எடுத்த முடிவுக்கு நானே சாட்சி சொன்னமாதிரி ஆகிவிட்டது.

கீழே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். அங்கேதான் கணையம் என்ற சொல்லை முதல்முதலாகக் கேட்டேன். எங்கள் ஊரில் ஆடு அறுத்தால் ஈரல், சுவரொட்டி, நுரையீரல், குடல், தலை, கால் என்று எல்லாவற்றுக்கும் பேர் உண்டு, பங்கு உண்டு. கணையத்துக்கு எந்த வீட்டிலும் பங்கு போட்டு நான் பார்த்ததில்லை. குடலோடு குடலாக ஒட்டிக்கொண்டு, சட்டியில் பேர் இல்லாமல் வெந்துபோகிற ஒரு துண்டு. அதுதான் என்னை அப்படி முறுக்கியது என்றபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

டாக்டர் நல்ல மனிதர்தான். வேலை அதிகம், பொறுமை குறைவு.

"கணையத்துல வீக்கம். பித்தப்பைல கல்லு இல்ல, ஸ்கேன்ல தெரியுது. கல்லு இல்லன்னா பெரும்பாலும் குடிதான் காரணம்" என்றார். பிறகு அந்தப் பார்வை, என் மனைவி பக்கம். "ஒரு நாளைக்கு எவ்ளோமா குடிப்பாரு?"

"எனக்குத் தெரிஞ்சி இல்லீங்க" என்றாள் அவள்.

"உங்களுக்குத் தெரிஞ்சி" என்று டாக்டர் தலையை ஆட்டினார். அவர் திட்டவில்லை, மிரட்டவில்லை. அவள் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். அவள் முகம் அங்கேயே மாறியது. நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவள் குடிகாரன் மகள். அவள் அப்பா ஒரு காலத்தில் அறுத்த சாமையை வீட்டுக்குக் கொண்டுவராமலே தீர்த்தவர். அம்மா மண்ணில் புரண்டு அழுததை ஐந்து வயதிலிருந்து பார்த்தவள் இவள். "தொடல" என்று சத்தியம் செய்கிற வாயிலிருந்தே அந்த வாடை வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அந்த அப்பா ஒருநாள் செங்கம் பக்கத்து வேடியப்பன் கோயிலில் குடியை விடுவதாகக் கயிறு கட்டிக்கொண்டார். கட்டியவர் விட்டார். விட்டவர் பிழைத்தார். இன்றைக்கு இந்த வயதிலும் பலா மரம் ஏறுகிறார். அவள் கண்ணால் பார்த்த ஒரே அற்புதம் அது.

அதனால் வீட்டில் எனக்கு ஒரு செக்போஸ்ட் வந்தது. அடிவாரத்தில் போலீஸ்காரர் குழாயை நீட்டி ஊதச் சொல்வார். வீட்டுக்கு வந்தால் இவள் சொம்புத் தண்ணீரோடு கிட்டே வந்து நிற்பாள். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் மூச்சை இழுப்பாள். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்த அன்று சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது.

"இன்னாத்துக்கு இந்தத் திருட்டு வேல? கிட்ட வா, ஊதிக் காட்றேன்" என்று அவள் முகத்தில் ஊதினேன்.

அவள் நகரவில்லை. முழுசாக முகர்ந்து பார்த்தாள். "இன்னிக்கி இல்ல" என்றாள்.

இன்னிக்கி இல்லையாம். அந்த 'இன்னிக்கி'யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இரண்டாவது முறை வலி வந்து, மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே கேள்வி. திரும்பி வந்ததும் மாமனார் வந்து உட்கார்ந்துவிட்டார். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரும் வந்தார். ஊர்க்கவுண்டர் நேற்றுக் குடித்தது எனக்குத் தெரியும், அவர் பக்கத்தில் உட்கார முடியவில்லை. அவர்தான் எனக்குப் புத்தி சொன்னார்.

"வண்டி ஓட்ற ஆளு நீ. ஊரு சனம் ஒன்ன நம்பி ஏறுது. கயித்தக் கட்டிக்கோப்பா" என்றார்.

"நான் குடிக்கறதே இல்லீங்க. எத்த வுடறதுக்குக் கயிறு கட்றது?" என்றேன்.

மாமனார் அந்த நேரம் பார்த்து ஒரு நியாயம் கேட்டார். "குடிக்கலன்னா கட்டறதுல ஒனக்கு இன்னா கஷ்டம், மாப்ளே?"

இதற்கு நான் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். கட்டினால் குடிகாரன் என்று ஒத்துக்கொண்டதாகும். கட்டமாட்டேன் என்றால் நிச்சயமாகக் குடிகாரன். எந்தப் பக்கம் திருப்பினாலும் பள்ளம்.

கோயிலுக்குப் போனோம். ஜமுனாமரத்தூர் வழியாகப் போய், மலையின் அந்தப் பக்கம் இறங்கினோம். மரத்தடியில் ஆண்கள் வரிசை. ஒவ்வொருவன் பின்னாலும் ஒரு பெண், மனைவியோ அம்மாவோ. கயிறு கட்டுவதில் கணக்கு உண்டு. ஆறு மாசத்துக்குக் கட்டலாம், ஒரு வருஷத்துக்குக் கட்டலாம், ஆயுசுக்கும் கட்டலாம். ஆறு மாசக்காரர்கள்தான் அதிகம். அவர்கள் கெடு முடிந்த அன்று கோயிலில் அவிழ்த்துவிட்டு நேரே கடைக்குப் போவார்கள். கட்டிய காலத்தில் குடித்தால் மட்டும் வேடியப்பன் விடமாட்டார், வயிற்றில் அடிப்பார், குடித்தவன் ரத்தமாகக் கக்குவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வயிற்றில் அடிப்பார் என்பதை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் மாமனார் காலில் விழுந்தாவது தப்பித்திருப்பேன்.

என் முறை வந்தது. பூசாரி கேட்டார்: "எவ்ளோ நாளைக்கி?"

"சாமி, நான் குடிக்கறதே இல்லீங்க."

"எல்லாரும் அதாம்பா சொல்றாங்க. எவ்ளோ நாளைக்கி?"

"ஒரு வருஷம் கட்டுங்க சாமி" என்று என் மனைவி பின்னாலிருந்து சொன்னாள்.

சின்னச் செப்புத் தாயத்து கோத்த கறுப்புக் கயிறு. வலது மணிக்கட்டில் கட்டினார். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துக் 'குடியை விட்டேன்' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். நான் வாய்க்குள் முனகினேன். வெட்கமாக இருந்தது. இல்லாத ஒன்றை விட்டேன் என்று சாமி முன்னால் சொல்வதும் பொய்தானே? ஆனால் திரும்பிப் பார்த்தால், அவள் முகம் தெளிந்திருந்தது. வரும் வழியில் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். வண்டியில் பாட்டு போடச் சொன்னாள். போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். இவ்வளவு சின்னக் கயிற்றில் ஒருத்தி நிம்மதியாவாள் என்றால் கையில் கிடக்கட்டுமே.

பிறகு பல மாதங்கள் வலி வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்திருந்தது. கயிறு வேலை செய்கிறது. விலகிப் போனவர்கள் மறுபடி வண்டியில் ஏறினார்கள். "பரவால்லப்பா, வுட்டுட்ட" என்று தோளில் தட்டினார்கள். குடிக்காமல் இருந்த இருபது வருஷத்தில் ஒருவன்கூட என்னைப் பாராட்டியதில்லை. விட்டதாகச் சொன்னதும் ஊரே பாராட்டியது. ஒரு வீட்டில் குடிகார மகனைத் திருத்த என்னைக் கூப்பிட்டு, 'நீ எப்டி வுட்டேன்னு இவனுக்குச் சொல்லு' என்றார்கள். நான் என்னத்தைச் சொல்வது? "மனசு வெச்சா முடியும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அவன் அடுத்த வாரம் கயிறு கட்டிக்கொண்டானாம். அது என் பேரில் ஒரு புண்ணியம்.

மழைக்காலத்தில், களத்தில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில், வலி திரும்பி வந்தது. வீட்டு வாசலில் சுருண்டேன். ஊர் கூடியது. இந்தத் தடவை யாரும் மூக்கை மூடவில்லை, தள்ளி நின்றார்கள். முன்பு நான் வெறும் குடிகாரன், இப்போது சத்தியம் தவறியவன். வேடியப்பன் வயிற்றில் அடித்துவிட்டார், எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். இதைவிடப் பெரிய சாட்சி வேறு எதற்கு? அந்த வருஷம் ஊர்ச் சாமிக்குப் பொங்கல் சாமான்கள் என் வண்டியில் வரவில்லை. வேறு வண்டி பிடித்தார்கள். ஒருவர்கூட என்னிடம் அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தேன். கண்ணைத் திறந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவள் வண்டியின் சீட்டைத் தூக்கிவிட்டுக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். ஜாக்கியை எடுத்தாள், துணியை எடுத்தாள், டூல்ஸ் பையை உதறினாள். பாட்டில் தேடுகிறாள். ஒன்றும் இல்லை. பிறகு எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி வைத்தாள், எனக்குத் தெரியக்கூடாது என்று. நான் அழுதேன். எனக்கு ஊர் வேண்டாம், சாமிகூட வேண்டாம். இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்று இருந்தது. அது கிடைக்காமலே செத்துப்போய்விடுவேனோ என்று பயந்தேன்.

"வேலூரு போலாம்" என்று அவளிடம் சொன்னேன். "பெரிய ஆஸ்பத்திரில காட்லாம். அவங்களும் குடின்னு சொல்லிட்டா நான் ஒத்துக்கறேன். எங்க ஒளிச்சி வெச்சேன்னு நானே தேடிக் குடுக்கறேன்."

மறுநாள் காலையில் அவள் துணிகளைப் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

வேலூரில் ஒரு பெண் டாக்டர். சின்ன வயது. கேள்வி அதேதான், தப்பவில்லை. நான் இல்லை என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "இது குடிய விடறதுக்குக் கட்டற கயிறுதானே? எங்க ஊர்ப் பக்கமும் உண்டு" என்றார்.

"ஆமாங்க. ஆனா நான் குடிக்கறது இல்லீங்க."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உடனே, "சரி, நீங்க சொல்றது உண்மைன்னே வெச்சிக்கலாம். அப்போ வேற காரணம் இருக்கணும், தேடுவோம்" என்றார். என் பேச்சை உண்மை என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்த முதல் ஆள் அவர்தான். அந்த இடத்திலேயே அரை வலி குறைந்த மாதிரி இருந்தது.

கால்சியம் பார்த்தார்கள், கொழுப்பு பார்த்தார்கள், பித்தப்பையை மறுபடி பார்த்தார்கள். ஒன்றுமில்லை. கடைசியில் காந்த மெஷினுக்குள் படுக்க வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக்கூடாது. பெல்ட்டைக் கழற்றினேன், அரைஞாண் கொடியைக் கழற்றினேன். மெஷின்காரர் தாயத்தைக் காட்டி, கத்தரிக்கோலை எடுத்தார்.

என் மனைவி பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கயித்த வெட்டக் கூடாதுங்க. கெடு முடியல. பூசாரிதான் அவுக்கணும்."

"உள்ள போறப்ப இதெல்லாம் இருக்கக் கூடாதும்மா. பின்னால ஆளு காத்துனு இருக்காங்க, சீக்கிரம்" என்றார் அவர்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. குடிக்காதவன் கட்டிய கயிறு, அது குடியைத் தேடாத ஒரே மெஷினுக்குள் போக எனக்கு முட்டுக்கட்டை. அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பா பூசாரிக்குப் போட்டார். நாங்கள் வராந்தாவில் நின்றோம், எனக்கு முன்னால் வேறு இரண்டு பேர் உள்ளே போய் வந்துவிட்டார்கள். பூசாரி கடைசியில் வழி சொன்னார். வெட்டக்கூடாது, முடிச்சை அவிழ்க்கலாம். தரையில் வைக்கக்கூடாது. மனைவி கைக்குள் மூடி வைத்திருக்க வேண்டும், கையைத் திறக்கக்கூடாது. திரும்ப மலை ஏறுவதற்குள் கட்டிவிட வேண்டும்.

பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றை வலது கைக்குள் வைத்து மூடினாள். நான் அந்தக் குழாய்க்குள் படுத்து, மூச்சை இழு, நிறுத்து, விடு என்று அவர்கள் சொன்னபடியெல்லாம் செய்தேன். தடதடவென்று தலைக்குள் ஆணி அடிக்கிற சத்தம். வெளியே வந்தபோது அவள் மூடிய கையோடு அதே இடத்தில் நின்றிருந்தாள். மத்தியானம் சோற்றை இடது கையால்தான் சாப்பிட்டாள்.

அன்று சாயங்காலமே டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துத் திரையில் படத்தைக் காட்டினார். எனக்கு வெள்ளைக் கோடுகள்தான் தெரிந்தன. என்ன தொழில் என்று கேட்டார், சொன்னேன்.

"அப்போ ரோடு கணக்குல சொல்றேன். அம்மா வயித்துல இருக்கும்போது கணையம் ரெண்டு துண்டா வளரும். அப்புறம் ரெண்டும் ஒண்ணா சேரும், உள்ள இருக்கிற குழாயும் சேரும். சீரண நீரெல்லாம் மெயின் ரோடு வழியா குடலுக்குப் போகும். உங்களுக்குத் துண்டு சேர்ந்துடுச்சி, குழாய் சேரல. மெயின் ரோட்டுக்கு வர வேண்டிய வண்டி எல்லாம் ஒத்தையடிப் பாதையில போவுது. அங்க நெரிசலாகி, நீர் வெளிய போக முடியாம உள்ளயே தங்கி, கணையம் வீங்குதுன்னு நெனைக்கறோம்."

"இது எப்ப வந்துச்சிங்க?" என்றேன்.

"வர்லீங்க. பொறக்கும்போதே இருக்கு."

"இப்டி இருந்தா எல்லாருக்கும் வலி வருமாங்க?"

"வராது. நெறைய பேருக்கு இருக்கும், கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும். சிலருக்கு மட்டும் இப்படிப் படுத்தும். இதுதான் காரணமான்னு டாக்டருங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. ஆனா உங்களுக்கு வேற எதுவும் கெடைக்கல."

எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. பிறக்கும்போதே! முதல் சொட்டுத் தாய்ப்பால் குடிப்பதற்கு முன்பே! நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்து, "இன்னா பண்ணா சரியாவுங்க?" என்று கேட்டாள்.

கொழுப்பு குறைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், பீடியும் சாராயமும் கிட்டே வரக்கூடாது என்றார். "அதான் நீங்க குடிக்கறதில்லயே" என்று அவரே சொல்லிக்கொண்டார். வலி திரும்பத் திரும்ப வந்தால், வாய்வழியாகக் குழாய் விட்டு அந்தச் சின்ன வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்திப் பார்க்கலாம். அந்தக் குழாய் விடுவதாலேயே சில சமயம் வலி வரும். சிலருக்குக் குணமாகும், சிலருக்கு ஆகாது. நாள்பட்டால் சர்க்கரைகூட வரலாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "கண்டிப்பா சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா பொய்யாயிடும்" என்றார்.

ஒடுகத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள். நான் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜெயித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இத்தனை காலம் பட்டதற்கு அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அணைக்கட்டு ஊரைத் தாண்டியும் சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"இப்பவாச்சும் நம்புறியா?"

"நம்புறேங்க."

"நான் குடிக்கலன்னு?"

"குடிக்கல." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. நான் பட்ட அவமானத்துக்காக அழுகிறாள் என்று நினைத்து, போனது போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"குடின்னு நெனச்சினு இருந்தப்ப எனக்கு ஒரு தைரியம் இருந்துச்சிங்க. வுட்டுட்டா சரியாப் பூடும், எங்கப்பா வுட்டாரு, பொழச்சிக்கினாரு, இவரும் வுட்ருவாருன்னு. வண்டில பாட்லு கெடைக்கணும்னு சாமிய வேண்டிக்கினுதாங்க தேடுனேன். இப்ப நீங்க இன்னாத்த வுடுவீங்க?"

பஸ் நின்று ஆள் இறங்கி, மறுபடி புறப்பட்டது. நான் நம்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நம்பினால் அவளிடம் மிச்சம் இருந்த ஒன்றும் போய்விடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவள் மூடிய கை இன்னும் மடியில் அப்படியே இருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. நான் என் வலது கையை அவள் மடிமேல் வைத்தேன்.

"மல ஏறப்போறோம். கட்டு" என்றேன்.

கட்டினாள். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள்.

கயிற்றின் கெடு பங்குனியில் முடிந்தது. நடுவில் ஒரு முறை வலி வந்துபோனது, வாசலை அகலப்படுத்த நாள் கேட்டிருக்கிறோம். சாமைக் கஞ்சியும் ரசமுமாக வாழ்க்கை ஓடுகிறது. கறி வாசனை வந்தால் வண்டியை வேகமாக ஓட்டிவிடுகிறேன். ஊர் நான் மறுபடி விட்டுவிட்டதாகப் பேசிக்கொள்கிறது. திருத்துவதற்கு எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

கயிற்றை அவிழ்க்க நாங்கள் இருவர் மட்டும் செங்கம் பக்கம் போனோம். அதே மரத்தடி, அதே வரிசை. பூசாரி அவிழ்த்துவிட்டு, "அவ்ளோதானா, திரும்பக் கட்டணுமா?" என்றார். இந்தத் தடவை அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"கட்டுங்க சாமி" என்றேன்.

"எவ்ளோ நாளைக்கி?"

"ஆயுசுக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆயுசுக்குக் கேட்கிறவர்கள் குறைவு. புதுக் கயிற்றைக் கட்டி, கற்பூரத்தை ஏற்றி நீட்டினார். போன தடவை முனகியவன், இந்தத் தடவை பின்னால் நிற்கிறவளுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"குடிய வுட்டேன். குடிய வுட்டேன். குடிய வுட்டேன்."